மேடையில் ஒலிபெருக்கி அடங்கினால்

தோட்டத்துக் கோயில் திருவிழாவாயினும் பள்ளியின் பரிசளிப்பு விழாவாயினும், இசை நிகழ்ச்சியின் நடுவே ஒலிபெருக்கி அடங்கிப் போவதை நாம் கண்டிருக்கிறோம். பாடுபவரின் வாய் அசைகிறது. பாட்டு மட்டும் கேட்பதில்லை. உடனே பத்துப் பேர் மேடைக்கு ஓடிவந்து ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து இழுக்கின்றனர். ஒரு பழுது இரண்டாவது அப்போதுதான்.

பழுதைக் காண வேண்டுமாயின் ஒலி செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். மைக் என்று நாம் அழைக்கும் ஒலிவாங்கியின் உள்ளே மெல்லிய தகடு ஒன்று உண்டு. பாடகரின் குரல் அதனை அதிரச் செய்கிறது. தகட்டோடு ஒட்டிய சிறு கம்பிச் சுருள் காந்தத்தின் அருகே அசைய, அதில் மின்சாரம் பிறக்கிறது. மேடைகளில் பெரிதும் பயன்படுவது இவ்வகையே. அம்மின்சாரம் மிகச் சிறிது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் சில பங்கே தேறும். ஆம்ப்ளிபையர் அதனைப் பன்மடங்கு பெருக்கி அனுப்புகிறது. ஒலிபெருக்கியிலும் சுருளும் காந்தமும் உண்டு. அவை மின்சாரத்தை மீண்டும் ஒலியாக்குகின்றன.

பழுது தேடுபவரும் இவ்வழியே செல்ல வேண்டும். ஆம்ப்ளிபையரின் விளக்கு எரியவில்லையா? மின்சாரம் வரவில்லை என்பது பொருள். பிளக்கினுள் இருக்கும் பியூஸ் போயிருக்கலாம். விளக்கு எரிந்தால், ஒலியளவைக் குறைத்துவிட்டு, வேறொரு நல்ல மைக்கை அதே கம்பியில் பொருத்திப் பார்க்கலாம். அதுவும் பேசவில்லையேல் கம்பியை மாற்ற வேண்டும். பல வேளைகளில் குற்றவாளி கம்பியே. காலில் மிதிபட்டும், முரட்டுத்தனமாகச் சுருட்டப்பட்டும், ஈயத்தால் பற்றவைத்த முனையில் அது அறுந்துவிடுகிறது. உதிரிக் கம்பி ஒன்று கைவசம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் பாட்டு தொடரும்.

காதைத் துளைக்கும் ஊளை வேறு வகை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்கினுள் புகுந்து, பெருகி, மறுபடியும் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதால் எழுவது அது. ஒலிபெருக்கியை மைக்கிற்கு முன்புறமாக, கூட்டத்தை நோக்கி வைத்தால் ஊளை தணியும். ஊளை கேட்டதும் மைக்கின் தலையைக் கையால் பொத்துவோர் உளர். அது ஊளையைப் பெரும்பாலும் கூட்டவே செய்யும்!

உயிருக்கே கேடு விளைவிக்கும் பழுதும் உண்டு. ஒலிபெருக்கி உறுமினால், எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு உறுமலை அடக்கச் சிலர் முனைகின்றனர். 1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், பிரிட்டனின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் கிட்டார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மாண்டார். அங்கிருந்த கருவிகள் முறையாக எர்த் செய்யப்படவில்லை. ஆதலின் எர்த் கம்பியை எவரும் தொடலாகாது. மழை நனைத்த மேடையில், ஈரக் கையோடு, மாணவர்கள் எக்கருவியின் அருகும் செல்லக் கூடாது. பெட்டியைத் திறப்பது தொழில் தெரிந்தவர் வேலை.

பழுது பார்க்கும் வரை பாடகர் என்ன செய்வது? கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் மைக் இன்றியே பாடிப் புகழ் பெற்றவர்கள். நாதசுவரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே அமைந்த கருவிகள். அவற்றுக்கு மின்சாரம் எதற்கு? பாடகர் மேடையின் விளிம்புக்கு வந்து, எல்லாரும் அறிந்த பாட்டொன்றை எடுக்கலாம். மின் சுருதிப்பெட்டி அடங்கியிருந்தால் ஆர்மோனியம் துணை நிற்கும். கேட்போரும் நாற்காலிகளை முன்னே நகர்த்திக்கொள்ளலாம். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். இருபது அடி தள்ளி அமர்ந்தவர் பத்தடிக்கு வந்துவிட்டால், சிறுவர் குரலும் தெளிவாகவே கேட்கும்.