கரியின் கணக்கு

நுரைச்சோலைக் கடற்கரையில் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அனல் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கின்றது. எரிந்த கரி எங்கே செல்கின்றது? சிறிதளவு சாம்பலாக எஞ்ச, மிகுதி கண்ணுக்குப் புலனாகாது காற்றிற் கலக்கின்றது. அதை அறியக் கணக்கு ஒன்றுண்டு.

கிராமை மூலர்த் திணிவால் வகுத்தால் மூல் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு கிலோகிராம் நிலக்கரியில் 600 கிராம் காபன் உண்டெனக் கொள்வோம். காபனின் மூலர்த் திணிவு 12 கிராம்; ஆகவே அது 50 மூல். முற்றாக எரிகையில் காபன் அணு ஒவ்வொன்றும் காற்றிலுள்ள ஒட்சிசன் அணு இரண்டுடன் கூடிக் காபனீரொட்சைட்டு மூலக்கூறு ஒன்றாகின்றது. எனவே வாயுவும் 50 மூலே. அதன் மூலர்த் திணிவு 44 கிராம். பெருக்கினால் 2200 கிராம்.

எரித்த கரியிலும் இருமடங்குக்கு மேற்பட்ட இவ்வாயுவே உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றது.