635318657 (எண்)

635318657 (63 கோடியே 53 லட்சத்து 18 ஆயிரத்து 657) என்பது இரண்டு நேர் முழு எண்களின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் ஆகும்.

635318657 = 59⁴ + 158⁴ = 12117361 + 623201296
635318657 = 133⁴ + 134⁴ = 312900721 + 322417936

வரலாறு

இங்கிலாந்தின் பட்னி நகரில் நோயுற்றிருந்த கணித மேதை சீனிவாச இராமானுசனைக் காண வந்த ஜி. எச். ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண்ணான 1729 சிறப்பற்றதாகத் தோன்றுகிறது என்றார். இராமானுசன் அதை மறுத்து, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார் (1³ + 12³ = 9³ + 10³). நான்காம் அடுக்குகளுக்கு இத்தகைய எண் எது என்று ஹார்டி வினவினார். சற்றுச் சிந்தித்த இராமானுசன், எடுத்துக்காட்டு எதுவும் உடனே புலப்படவில்லை என்றும், அவ்வாறான முதல் எண் மிகப் பெரியதாக இருக்கவேண்டும் என்றும் விடையளித்தார். இராமானுசன் மறைந்த (1920) பின் ஹார்டி இதனைப் பதிவு செய்தார்.

இக்கேள்விக்கான விடையை 18ஆம் நூற்றாண்டிலேயே லியோனார்டு ஆய்லர் கண்டறிந்திருந்தார். அவ்வெண் 1729ஐப் போல மூன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. இராமானுசனின் கணிப்பு சரியே.

எண் பெரியதாக இருப்பதன் காரணம்

10 கோடிக்கு உட்பட்ட கனங்கள் 464 உள்ளன. அவற்றைக் கொண்டு 1,07,880 இணைகளை அமைக்கலாம். ஆனால் 10 கோடி வரை உள்ள நான்காம் அடுக்குகள் 100 மட்டுமே. இணைகள் 5,050 மட்டுமே. இணைகள் குறைவதால், இரண்டு இணைகள் ஒரே கூட்டுத்தொகையைத் தரும் வாய்ப்பும் குறைகிறது.

மிகச் சிறிய எண் என்பதைச் சரிபார்த்தல்

159⁴ = 639128961. இது 635318657ஐ விடப் பெரியது. எனவே 1 முதல் 158 வரையுள்ள எண்களை மட்டும் சோதித்தால் போதும். இவற்றில் அமையும் இணைகள் 12,561. கூட்டுத்தொகைகளை ஏறுவரிசையில் அடுக்கினால், திரும்ப வரும் முதல் எண் 635318657 எனக் காணலாம். சிறிய கணினி நிரல் ஒன்றே இதற்குப் போதுமானது.

காரணிகள்

635318657 = 41 × 113 × 241 × 569

நான்கு பகாக் காரணிகளும் 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 தருகின்றன. இது தற்செயலன்று. பொதுக் காரணி இல்லாத இரு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணின், 2 தவிர்ந்த எல்லாப் பகாக் காரணிகளும் இப்பண்பைப் பெற்றிருக்கும். ஆகவே காரணிகளைத் தேடுவோர் 17, 41, 73, 89, 97, 113 போன்ற பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

இவ்வெண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக 8 வழிகளில் எழுதலாம். மேற்கண்ட இரு சமன்பாடுகளும் அவற்றுள் அடங்கும்.

தொடர்புடைய எண்கள்

இப்பண்புடைய அடுத்த எண் 3262811042 (7⁴ + 239⁴ = 157⁴ + 227⁴) ஆகும். மூன்று வழிகளில் இவ்வாறு எழுதக்கூடிய எண் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஐந்தாம் அடுக்குகளுக்கோ, இரு வழிகளில் எழுதக்கூடிய எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. அத்தகைய எண் இல்லை என்று நிறுவப்படவும் இல்லை.