காட்டு நெல் காத்த வயல்

குளத்தின் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானே முளைத்துத் தானே விதை சிந்தி வாழும் நெல் ஒன்று உண்டு. வடமொழியில் அதனை நீவாரம் என்பர். தாவர நூலார் இட்ட பெயர் ஒரைசா நிவாரா. அதன் மணியின் முனையில் நீண்ட முள் இருக்கும், முற்றியதும் உதிர்ந்துவிடும். வயலில் தோன்றினால் உழவர் அதைக் களையென்றே பிடுங்கி எறிவர்.

இத்தகைய நெல்லால் பயன் என்ன? 1970ஆம் ஆண்டுகளில் ஆசிய வயல்கள் இதற்கு விடை கூறின.

அக்காலத்தில் புல்குட்டை நோய் நெற்பயிரைப் பாழாக்கியது. பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்னும் பூச்சியே இந்நோயின் வைரஸ் கிருமியைப் பரப்புவது. நோயுற்ற பயிர் குன்றிப் புல்லைப்போல் தூர்விடும்; விளைச்சல் கிட்டாது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்னுமிடத்திலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். நோயை நன்கு எதிர்த்து நின்றது ஒன்றே: இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த நீவாரம். அதிலும் எல்லாச் செடிகளும் அல்ல, சிலவே.

இதன் காரணம் யாது? மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக உதிராத மணியையும் மிகுந்த விளைவையும் நாடியே விதை தெரிந்தான். அவன் தெரியாது விட்ட பண்புகள் பல மறைந்தன. காட்டுச் செடிக்கோ காவலர் இல்லை. நோயையும் வறட்சியையும் தாங்கியவையே விதை விட்டன. ஆகவே வயல் இழந்த பண்பு காட்டில் எஞ்சியிருந்தது.

ஆராய்ச்சியாளர் நீவாரத்தை உயர்ந்த நெல்லுடன் கலந்தனர். பிறந்த கலப்பினத்தை மீண்டும் மீண்டும் நல்ல நெல்லுடனேயே சேர்த்தனர். காட்டுக் குணங்கள் கழிந்தன, நோயெதிர்ப்பு நின்றது. இவ்வழியில் உருவாகி 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36 என்னும் நெல், பின்னர் ஏறத்தாழ 110 இலட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அந்த எதிர்ப்பையும் வெல்லும் புதுவகைக் கிருமி பிலிப்பைன்சில் தோன்றியது. நோய் மாறிக்கொண்டே வரும். எனவே புதிய எதிர்ப்பாற்றலைத் தேடும் வேலையும் ஓயாது.

குளிரறையில் விதைகளைச் சேமித்தல் இன்றியமையாதது. ஆனால் அங்கே விதை உறங்குகிறது. இயற்கை நிலத்தில் வாழும் செடியோ மாறும் நோயோடு போராடித் தானும் மாறுகிறது. ஒரு பிடி விதையில் சில செடிகளுக்கே எதிர்ப்பாற்றல் இருந்ததை எண்ணினால், ஓரிடத்து மாதிரி மட்டும் போதாதென்பதும் விளங்கும். ஆகவே இரு காவலும் வேண்டும்.

மலேசியாவின் சதுப்புகளிலும் ஓடைகளிலும் ஒரைசா ரூபிபோகன் என்னும் காட்டு நெல் வளர்கிறது. சதுப்பைத் தூர்த்தாலும் ஓடைக்குச் சிமெந்து பூசினாலும் அதற்கு இடமில்லை. அருகில் வயலிருந்தால் பயிர் நெல்லின் மகரந்தம் கலந்து அதன் தனித்தன்மையும் குறையும். நிலத்தைத் திருத்தும் முன் அங்கு வளர்வது இன்னதென்று அறிந்து, விதையெடுத்து, ஒரு பகுதியையேனும் அப்படியே விட்டுவைத்தல் நாளைய சோற்றுக்குச் செய்யும் முன்னேற்பாடாகும்.