ஒரு காது திடீரென்று மந்தமானால் காத்திருக்க வேண்டாம்



ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது காது அடைப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். ஏறக்குறைய 1,900 மீட்டர் கீழே இறங்குகிறோம், காற்றழுத்தம் மாறுகிறது. எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று திறந்துவிடும்.

ஆனால் எங்கேயும் போகாமல், காலையில் எழுந்ததும் ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால்? "சளிதான், தானா சரியாயிடும்" என்று பலரும் எண்ணெய் ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். இதுதான் ஆபத்து.

உள்காதில் என்ன இருக்கிறது?

காதின் உள்ளே, எலும்புக்குள், நத்தை ஓடு மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 மெல்லிய முடி செல்கள் உண்டு. சத்தம் வந்தால் இவை அசைந்து, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பும். இவை செத்துப்போனால் மறுபடி முளைக்காது.

எதிர்ப்பு சக்திக்கு அங்கே என்ன வேலை?

எஸ்டேட்டுக்கு வாட்ச்மேன் மாதிரி, உடம்புக்கு எதிர்ப்பு செல்கள். உள்காதுக்குள் இந்தக் காவல் கிடையாது என்றுதான் டாக்டர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். அங்கேயும் காவல் செல்கள் குடியிருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. பெரிய சத்தத்தால் நரம்பு இணைப்பு கெட்டால், இவை அங்கே போய் பழுதுபார்க்க உதவுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

சில சமயம் காவலாளியே வீட்டு ஆளை அடித்துவிடுவதும் உண்டு. எதிர்ப்பு சக்தி தன் உள்காதையே தாக்கும் நோயை 1979-ல் அமெரிக்க டாக்டர் மெக்கேப் விளக்கி எழுதினார். வைரஸ் கிருமியாலும் வீக்கம் வரலாம். கையில் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். இது எலும்புக்கூடு, வீங்க இடமில்லை. அதனால் நரம்பும் முடி செல்களும் பாதிக்கப்படும். திடீர் செவிட்டுத்தன்மையில் பாதிப்பேருக்கு மேல் காரணமே தெரிவதில்லை. ஆனாலும் வைத்தியம் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

* வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். கேட்காத காதில் சத்தம் அதிகமாகக் கேட்டால் அழுக்கோ சளியோ இருக்கலாம். நல்ல காதில் அதிகமாகக் கேட்டால் நரம்புக் கோளாறாக இருக்கலாம். இது ஒரு அடையாளம் மட்டுமே, எப்படியானாலும் டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.
* அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். "திடீரென்று கேட்கவில்லை" என்று முதலிலேயே சொல்லுங்கள்.
* வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
* காதில் எண்ணெய், பூண்டுச்சாறு, ஹேர்பின் எதுவும் வேண்டாம்.
* கூடவே வாய் கோணல், பேச்சுக் குளறல், நடை தள்ளாட்டம், கை கால் வலுவிழப்பு இருந்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

"ஒருநாள் கூலி போயிடுமே" என்று தோன்றும், நியாயம்தான். பஸ் செலவுக்குப் பணமில்லை என்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள், இதற்குத்தானே சேமிக்கிறோம்? போன கூலியை அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். போன காது திரும்ப வராது. அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, வராத சகோதரிகளுக்கும் சொல்லுங்கள்.