வாயில் எலும்புக் கட்டி: பயமும் வேண்டாம், ஒளிப்பும் வேண்டாம்

வுழூவுக்காக வாய் கொப்பளிக்கும்போதோ மிஸ்வாக் செய்யும்போதோ வாய்க்குள் ஒரு கட்டி தட்டுப்பட்டால், பலருக்கும் முதலில் வருவது புற்றுநோய்ப் பயம்தான். எனக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவர், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று மாதக்கணக்கில் அதை மறைத்தார். கடைசியில் பல் வைத்தியரிடம் காட்டினார். அது வெறும் எலும்பு வளர்ச்சி, மருந்தே தேவையில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

இதை டோரஸ் என்பார்கள். மேல் அண்ணத்தின் நடுவிலோ, கீழ்த் தாடையின் உட்புறம் நாக்குப் பக்கமாகவோ வரும். கீழ்த் தாடையில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். தொட்டால் கல்லுப் போல் இருக்கும், அசையாது, வலிக்காது. வருடக்கணக்கில் மிக மெதுவாக வளரும். பரம்பரையும், தூக்கத்தில் பல் நெறுமுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இது புற்றுநோயாக மாறுவதில்லை.

பொதுவாக இதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் அதன் மேல் உள்ள தோல் மெல்லியது. பொரித்த அப்பளமோ மீன் முள்ளோ கீறினால் புண்ணாகும். ஆறவும் சற்று நாளெடுக்கும். கழற்றிப் பூட்டும் செயற்கைப் பல் வைக்க இடைஞ்சலாக இருந்தாலோ, அடிக்கடி புண்ணானாலோ, விறைக்க ஊசி போட்டு அதை அகற்றிவிடலாம்.

அதற்காக எல்லாக் கட்டியையும் எலும்பு என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. வெற்றிலை போடும் நம் வாப்பாமாரும் பெரியம்மாமாரும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வேகமாக வளரும் கட்டி, இரத்தக் கசிவு, வாய் திறக்கக் கஷ்டம், கழுத்தில் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

கொழும்பு 7, வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ அது தூரமில்லை. அரச வைத்தியசாலை என்பதால் காசும் பெரிய பிரச்சினையில்லை. எலும்புதான் என்று தெரிந்தால் மனம் நிம்மதியடையும். வேறு ஏதாவது என்றால், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணல்ல, அது சுன்னத். இன்றிரவு உங்கள் உம்மா, வாப்பாவிடம் வாயில் ஏதும் கட்டியோ புண்ணோ இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.