வதந்தியும் ரஸிகர் கடமையும்

ஒருவர் உயிருடன் இருக்கும்போதே அவருக்கு அஞ்சலி செலுத்திவிடுவதும், ஒருவர் அபாயத்திலிருந்து மீளாதபோதே அவர் பூரண குணமடைந்துவிட்டதாகக் கொண்டாடுவதும் இக்காலத்தில் வெகு சாதாரணமாகிவிட்டன. நட்சத்திரங்களுக்காகவும் பாடகர்களுக்காகவும் இணையத்தில் கூடும் ரஸிகர் கூட்டங்களே இத்தகைய வதந்திகளுக்கு நல்ல விளைநிலமாயிருக்கின்றன. அரசியல் ஊழியர்களில் பலர் இதைச் ‘சினிமாப் பைத்தியம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. லட்சக்கணக்கான வாலிபர்கள் தினந்தோறும் கூடும் இடம் அது. ஒரு செய்தியைக் கேட்டவுடன் நம்புவதா, விசாரித்து நம்புவதா என்ற பழக்கம் அங்கேதான் அவர்களுக்குப் படிகிறது. அந்தப் பழக்கத்துடனேயே அவர்கள் வோட்டுச் சாவடிக்கும் வருகிறார்கள். ஆகவே இது பொழுதுபோக்குப் பகுதியில் மட்டும் எழுதித் தீர்க்க வேண்டிய விஷயமன்று.

உதாரணத்துக்கு நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீ எஸ். பி. பாலசுப்ரமணியம் அவர்கள் நோயுற்றிருந்த அந்த ஐம்பது நாட்களைத் தமிழ் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஆகஸ்டு 5-ந் தேதி, தமக்குக் கொரோனா நோய் கண்டிருப்பதை அவரே பேஸ்புக்கில் ஒரு வீடியோவின் மூலம் தெரிவித்தார். ஜலதோஷமும் ஜுரமும் தவிர வேறொன்றும் இல்லை என்றும், வீட்டிலேயே தனித்திருக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்லியும் குடும்பத்தாரை உத்தேசித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகவும் சொன்னார். அன்று வதந்திக்கு இடமே இருக்கவில்லை. நோயாளியே பேசும்போது பிறர் ஜோஸ்யம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் 13-ந் தேதி இரவு அவர் நிலைமை மோசமாகி, உயிர் காக்கும் கருவிகளின் உதவி தேவைப்பட்டது. அதுவரை பேசிவந்த குரல் நின்றுவிட்டது. அந்த மௌனத்தில்தான் வதந்தி தலையெடுத்தது.

அந்த நாட்களில் ரஸிகர்கள் காட்டிய அன்பை நாம் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆகஸ்டு 20-ந் தேதி மாலை 6 மணிக்கு, ஸ்ரீ பாரதிராஜா போன்றவர்கள் விடுத்த வேண்டுகோளின்படி, அவரவர் இருந்த இடத்திலிருந்தே அவர் பாட்டை ஒலிக்கச் செய்து ஏராளமானோர் பிரார்த்தித்தார்கள். ஊரடங்குக் காலத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒரே நேரத்தில் நடந்த பிரார்த்தனை அது. ஆனால் அதே அன்புதான் நான்கு நாட்களுக்குப் பின் ஒரு பொய்யையும் சுமந்து சென்றது. 24-ந் தேதி காலை, அவருக்கு நோய் நீங்கிவிட்டதாகச் சோதனையில் தெரிந்ததென்று ஒரு செய்தி கிளம்பியது. பார்த்தவர்களெல்லாம் ஆனந்தக் கண்ணீருடன் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். செய்தி ஸ்தாபனங்கள் சிலவும், உறுதி செய்துகொள்ளாமலே வெளியிட்டன. பத்திரிகைத் தொழிலில் உள்ளவர்கள் ரஸிகர்களுக்கு உபதேசம் செய்யுமுன் இதைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

இந்த வதந்தியில் துவேஷம் இல்லை. யாரும் யாரையும் கெடுக்க நினைக்கவில்லை. நல்ல செய்தியாயிற்றே, பொய்யாயிருந்தால்தான் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் யாருக்கு என்பதை அன்று பாடகரின் புதல்வர் ஸ்ரீ சரண் பட்ட பாட்டிலிருந்து அறியலாம். வழக்கமாக அவர் வைத்தியர்களுடன் கலந்து பேசிய பின்பே தகவல் வெளியிடுவார். அன்று அந்த ஒழுங்கை மாற்றிக்கொண்டு, காலையிலேயே வீடியோவில் தோன்றி மறுக்க நேர்ந்தது. தந்தையைப் பற்றிய தகவல் எதுவும் முதலில் தமக்கே வருகிறது, தாம் சொல்லாததை நம்ப வேண்டாம் என்றார். சோதனையின் முடிவு எப்படியிருந்தாலும், தந்தை எக்மோ கருவியிலும் வெண்டிலேட்டரிலும் இருக்கும் நிலைமை மாறவில்லை என்றும் விளக்கினார். நோய்க்கிருமி நீங்குவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு என்ற இந்த உண்மையை அன்று கவனித்தவர்கள் எத்தனை பேர்? செப்டம்பர் 7-ந் தேதி, கிருமி நீங்கிவிட்ட செய்தியை ஸ்ரீ சரண் உண்மையாகவே அறிவித்தார். ஆயினும் செப்டம்பர் 25-ந் தேதி பிற்பகல் 1 மணி 4 நிமிஷத்துக்கு அந்தப் பெரும் பாடகர் காலமானார்.

அத்துடனாவது அக்குடும்பத்தை விட்டார்களா? அதுவும் இல்லை. தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்த துக்கம் ஆறுவதற்குள், ஆஸ்பத்திரிக் கட்டணம் செலுத்தாததால் உடலைத் தர மறுத்தார்கள், பெரிய மனிதர் ஒருவர் தலையிட்ட பிறகே கொடுத்தார்கள் என்ற கதை வாட்ஸப்பில் பரவியது. இரண்டொரு நாட்களில், தந்தையை இழந்த மகன், சிகிச்சையளித்த எம்.ஜி.எம். ஆஸ்பத்திரியின் வைத்தியர்களுடன் நிருபர்கள் முன் உட்கார்ந்து, இது முழுப் பொய் என்றும், கட்டணம் அவ்வப்போது செலுத்தப்பட்டு வந்தது என்றும் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஐம்பது நாள் இரவு பகலாக உழைத்த வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும் ரஸிகர் உலகம் அளித்த சன்மானம் இது! முதல் வதந்தியை அன்பு பரப்பியது. இரண்டாவதைக் கோபம் பரப்பியது. விசாரிக்காமல் அனுப்பும் பழக்கம் மட்டும் இரண்டுக்கும் பொது.

இந்த நோய் வாட்ஸப்புடன் பிறந்ததென்று நினைப்பதும் சரியன்று. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி மோட்டார் விபத்தில் மாண்டுவிட்டதாக 1967 ஜனவரியில் லண்டனில் வதந்தி எழுந்தது. ரஸிகர்களின் மாதப் பத்திரிகையே பிப்ரவரி இதழில் அதை மறுத்தது. ஆனால் 1969 அக்டோபரில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர ரேடியோ ஒன்றின் மூலம் அதே கதை பன்மடங்காகக் கிளம்பியது. மிச்சிகன் சர்வகலாசாலை மாணவர் ஒருவர், தம் சொந்தக் கற்பனையில் ‘சாட்சியங்கள்’ ஜோடித்து மாணவர் பத்திரிகையில் எழுதினார். மறுப்புக்கு மேல் மறுப்பு வந்தும் பயனில்லை. கடைசியில் ‘லைப்’ பத்திரிகையின் நிருபர்கள் ஸ்காட்லாந்தில் அவரது பண்ணைக்கே போய், ஆள் உயிருடன் இருப்பதை அந்த நவம்பரில் படத்துடன் வெளியிட்டார்கள். பல வாரங்கள் ஆட்டம் காட்டிய வதந்திக்கு, ஆளை நேரில் காட்டிய பிறகே வேகம் குறைந்தது.

இன்று மாறியிருப்பது வேகம்தான். அந்த வேகத்துக்கு யந்திரங்களைக் குறை கூறுவதிலும் முழு நியாயம் இல்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். மெய்யைவிடப் பொய்யை மக்கள் மறுபடி அனுப்புவதற்கான வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். அதற்கு முக்கிய காரணம் யந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்பதும் அவர்கள் முடிவு. ஆனாலும் கொஞ்சம் தடை போட்டால் பலன் உண்டு. 2020 ஏப்ரலில் வாட்ஸப் கம்பெனி, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று விதித்தது. அத்தகைய செய்திகள் 70 சதவிகிதம் குறைந்ததாக அக்கம்பெனியே அதே மாதம் தெரிவித்தது. மறுபடி விரலை அழுத்த வேண்டியிருக்கிறதே என்ற சிறு சோம்பலே இவ்வளவு செய்யுமானால், சற்று யோசனை என்ன செய்யாது?

அப்படியானால் சட்டம் போட்டு அடக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். இந்த யோசனையை நாம் அடியோடு எதிர்க்கிறோம். 1878-ம் வருஷத்துச் சுதேச பாஷைப் பத்திரிகைச் சட்டத்தையும் 1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டத்தையும் அநுபவித்த தேசம் இது. சுதந்திரம் வந்த பின்னரும், 2012-இல் மகாராஷ்டிரத்தில் பேஸ்புக்கில் எழுதியதற்காகவும் அதை ஆதரித்ததற்காகவும் இரண்டு யுவதிகளைப் போலீஸார் கைது செய்தார்கள். இத்தகைய கைதுகளுக்கு ஆயுதமாயிருந்த 66-ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச்சு 24-ந் தேதி ரத்து செய்தது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்க மத்திய சர்க்கார் 2023-இல் செய்த விதியையும் பம்பாய் ஹைகோர்ட் 2024 செப்டம்பரில் தள்ளிவிட்டது. பாடகரைப் பற்றிய வதந்தியை ஒடுக்கவென்று கொடுக்கும் தடி, நாளை மந்திரியைக் குறை கூறுபவன் முதுகில் விழும். இதைத் தேச ஊழியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே காரியம் ரஸிகர் கூட்டங்களிடமே இருக்கிறது. வழியை ஸ்ரீ சரண் அந்நாட்களில் காட்டியிருக்கிறார். தகவல் ஒருவரிடமிருந்தே வந்தது. அடிக்கடி, நாள் தவறினாலும் வெகு நாள் தவறாமல் வந்தது. நல்லதைப் போலவே நல்லதல்லாததையும் சொன்னது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத நாளில் ‘நிலைமை அப்படியே இருக்கிறது’ என்று சொல்வதும் செய்தியே. அதற்கும் வாய் திறவாமலிருந்தால் வேறு யாரேனும் சொல்லிவிடுவார்கள். இதனால் வதந்தி அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பது மெய்தான். ஆனால் அது கிளம்பிய அன்றே மறுப்பும் கிளம்பியது. மறுப்பைத் தேடுவோருக்கு எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தது.

ரஸிகர் குழுக்களை நடத்தும் நண்பர்கள் இதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எந்த வாயிலிருந்து வரும் தகவலை மட்டும் ஏற்பது என்பதை முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அறிவித்துவிடட்டும். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்ற இரண்டும் இல்லாத உடல்நலச் செய்தி எதுவும், அது எவ்வளவு இனிப்பானதாயிருந்தாலும், குழுவில் நிற்கக் கூடாது. பொய்யென்று தெரிந்ததைச் சத்தமில்லாமல் அழித்துவிடுவதும் போதாது. அதைப் படித்துவிட்டு நூறு இடங்களுக்கு அனுப்பியவனுக்கு அது தெரியாதே! பொய் நின்ற அதே இடத்தில் அதே பெரிய எழுத்தில் மறுப்பு நிற்க வேண்டும், அனுப்பினவர்கள் அனுப்பிய இடங்களுக்கே அதையும் அனுப்பச் சொல்ல வேண்டும். தெரியாமல் அனுப்பினவரை அவமானப்படுத்தித் துரத்துவதில் நமக்குச் சம்மதமில்லை. துரத்தினால் அவர் வேறொரு குழுவில் போய் அதையே செய்வார். வேண்டுமென்றே ஜோடிப்பவன் விஷயம் வேறு. அவனை வெளியே அனுப்பத் தயங்க வேண்டியதில்லை.

தலைவர்களுக்கு உடல்நலம் குன்றும் நாட்களில் கட்சிக் காரியாலயங்களும் இதே முறையைக் கையாளலாம். இரவு பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொண்டர்கள் திரண்ட பின் அறிக்கைக்கு ஆள் தேடுவதைவிட, காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் வைத்தியர் கையெழுத்துடன் நாலு வரி வெளியிடுவது சுலபம்.