வாய்ப் புற்றுநோய் பிள்ளைகளுக்கும் வருமா? மரபணு தரும் விளக்கம்

குடும்பத்தில் ஒருவருக்கு வாயிலோ உமிழ்நீர்ச் சுரப்பியிலோ புற்றுநோய் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி: "இது பிள்ளைகளுக்கும் வருமா?" சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று நோயையே மறைப்பவர்களும் உண்டு. இந்த அச்சம் எந்த அளவுக்குச் சரி?

எல்லாப் புற்றுநோயும் மரபணு கெடுவதால்தான் வருகிறது. ஆனால் மரபணு கெடுவது வேறு, கெட்ட மரபணு பரம்பரையாக வருவது வேறு. பெரும்பாலும் நோயாளியின் ஆயுட்காலத்தில், அவர் உடலின் ஓரிடத்துச் செல்லில்தான் அந்த மாற்றம் நிகழ்கிறது. அது பிள்ளைகளுக்குப் போவதில்லை.

அரிதான உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களில் இதைத் தெளிவாகக் காணலாம். 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்ற வகையில் பெரும்பாலும் 6ஆம், 9ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் 'எம்.ஒய்.பி.' என்ற மரபணு 'என்.எஃப்.ஐ.பி.' என்ற மரபணுவோடு இணைந்து, அளவுக்கு மீறி வேலை செய்கிறது. சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் இதை வெளியிட்டனர். சுரப்பியின் செல்லில் நேர்ந்த இந்த விபத்துக்கு வாப்பாவோ உம்மாவோ காரணம் அல்ல.

2010இல் தனி நோயாக அடையாளம் காணப்பட்ட 'செக்ரிட்டரி கார்சினோமா'வில் 'ஈ.டி.வி.6', 'என்.டி.ஆர்.கே.3' என்ற இரு மரபணுக்கள் இணைகின்றன. இந்த இணைப்பு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் 'லரோட்ரெக்டினிப்' மாத்திரைக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அறுவை சிகிச்சையால் அகற்ற முடியாத, அல்லது பரவிவிட்ட கட்டிகளுக்கு இது பயன்படுகிறது. ஆகவே இத்தகைய நிலையில், "கட்டியில் மரபணுப் பரிசோதனை தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

பரம்பரையாக வரும் விதிவிலக்குகளும் உண்டு. அவற்றில் ஒன்று 'ஃபான்கோனி அனீமியா'. செல்கள் தமது டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்ய முடியாத நிலை இது. பெரும்பாலும், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மார்க்கம் அத்தகைய திருமணத்தை அனுமதித்திருக்கிறதே தவிர கட்டாயமாக்கவில்லை.

இந்நோய் உள்ள பலருக்கு இரத்த அணுக்கள் குறைவாக இருக்கும். சிலருக்கு உயரக் குறைவு, கட்டைவிரல் குறைபாடு, தோலில் நிறத்திட்டுகள் காணப்படும். புகையிலையைத் தொடாதவருக்கும் இள வயதிலேயே வாய்ப் புற்றுநோய் வரலாம். வழக்கமான கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் இவர்கள் உடலைக் கடுமையாகப் பாதிக்கும். எனவே குடும்பத்தில் இத்தகைய அறிகுறிகளோ நெருங்கிய சொந்தத் திருமணமோ இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மறைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

நம் பகுதிகளில் வாய்ப் புற்றுநோய்க்குப் பெரிய காரணங்கள் புகையிலை, குட்கா, பாக்கு போன்றவையே. பிள்ளைகளுக்குப் பெற்றோரிடமிருந்து எளிதில் தொற்றிக்கொள்வது மரபணுவை விட இந்தப் பழக்கம்தான்.

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், காதருகிலோ தாடைக்கு அடியிலோ வலியில்லாத கட்டி, முகத்தில் ஒரு பக்கம் தளர்ச்சி ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்வோம். பெற்றோரின் நோயைக் காரணம் காட்டிப் பிள்ளைகளின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பதை நிறுத்துவோம்.